அவன், அவள், அவர்!

ஐம்பால் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு. சன்னலுக்கு வெளியே ஜவ்வாது மலை, உள்ளே கரும்பலகை, கையில் சுண்ணக்கட்டி. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்தையும் வரிசையாக எழுதிவிட்டு, "உலகத்துப் பொருள் அத்தனையும் இந்த ஐந்துக்குள் அடக்கம். அடங்காத பொருள் ஏதேனும் உண்டா? இருந்தால் சொல்லுங்கள்!" என்று கேட்டேன். தமிழாசிரியனுக்கே உரிய தருக்கு!

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ஐயா, திருநங்கை எந்தப் பால்?"

வகுப்பே சிரித்தது. சிரித்த கண்கள் அத்தனையும் ஒரே திசையில் திரும்பின. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் மேல் போய் நின்றன. மெல்லிய குரல், மெதுவான நடை, பொங்கல் விழாவில் மாணவியரோடு சேர்ந்து கோலம் போட்ட கை. அந்தப் பிள்ளைக்கு வகுப்புத் தோழர்கள் ஓர் எண்ணையே பெயராகச் சூட்டியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் போல் இருந்தேன்.

அன்று நான் சொன்ன விடை இது: "ஐந்து போதாதென்று ஆறாவது வேறு வேண்டுமா உனக்கு? உட்கார்!" வகுப்பு மறுபடியும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை அழைத்தேன். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் ஓடிற்று. பெயருக்கு நேரே ஏழு சுழி!

இளைஞர்களே! அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பழைமை விரும்பி அல்லன். வயது இருபத்தாறு. கலைக் கல்லூரியில் தமிழ் படித்தவன். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலை அட்டை கிழியும்வரை கைமாற்றிக் கைமாற்றிப் படித்த விடுதித் தோழர்களில் ஒருவன். சாதி ஒழிப்பு மேடையில் பேசியிருக்கிறேன். சடங்கு மறுத்த திருமணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். ஏன்? விடை தெரியவில்லை, அதனால் சிரித்தேன். அறியாமையை ஒப்புக்கொள்ள நாணுகிறவன் எடுக்கும் ஆயுதத்துக்கு ஏளனம் என்று பெயர்!

முதலில் ஏடுகளைப் புரட்டினேன். எங்களுக்குத் தெரிந்த வழி அதுதானே!

தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம். தொடக்கத்திலேயே இருக்கிறது. நான் தேர்வுக்காக நெட்டுருப் போட்ட பகுதி. பொருளை நெஞ்சில் போடாத பகுதி! ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கெனத் தனி ஈறு கிடையாது என்கிறது அந்நூல். ஆனால் அந்தப் பெயர் உயர்திணையைச் சேர்ந்தது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. இன்னும் சில நூற்பாக்கள் தள்ளி, அப்பெயர் ஆண்பால் வினையோடு சேராது என்றும் சொல்லிவிடுகிறது. அதாவது அவரை 'வந்தான்' என்னாதே என்று இலக்கணமே தடுத்திருக்கிறது!

வேடிக்கை ஒன்று. தனி ஈறு இல்லாத இன்னொரு பெயரையும் அதே நூற்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார் ஆசிரியர். அது தெய்வத்தின் பெயர்! பால் காட்ட வழியில்லாத இருவரை ஒரே நூற்பாவில் உட்கார வைத்தது இலக்கணம். நாம் என்ன செய்தோம்? கண்ணுக்குத் தெரியாதவருக்குக் கருங்கல்லில் கோவில் கட்டினோம். கண்ணெதிரே நிற்பவருக்கு ஓட்டு வீடுகூட வாடகைக்குத் தர மறுத்தோம்!

அடுத்து நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதியது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால். ஆண்மையை விட்டு மற்றதை விரும்புபவர் பெண்பால் என்கிறது. விரும்புவது என்ற சொல்லைக் கவனியுங்கள். உடம்பை அளந்து பார்க்கச் சொல்லவில்லை. உள்ளத்தைக் கேட்கச் சொல்கிறது! மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சி அடுத்த அடியில் உடைந்தது. இவ்விருவரும் அஃறிணை போலவும் வருவர் என்று முடிக்கிறது அந்த நூற்பா. தொல்காப்பியம் உயர்திணைக்குள் வைத்துப் பூட்டிய மனிதருக்கு நன்னூல் பின்வாசலைத் திறந்துவிட்டது. 'அது' என்று அழைக்க அங்கே இடம் கிடைத்துவிட்டது.

சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று பேடு. வள்ளுவரிடமும் சென்றேன். அவைக்கு அஞ்சுகிறவன் கற்ற கல்வியையும், முயற்சி இல்லாதவன் செய்ய நினைக்கும் உதவியையும், பேடியின் கையில் இருக்கும் வாளுக்கு ஒப்பிடுகிறார் அவர். வள்ளுவரையும் விட்டுவைக்கவில்லை அந்த வழக்கு! போற்ற வேண்டியதைப் போற்றுவோம். ஏற்க முடியாததை ஏற்க முடியாது என்போம். அதுதானே நாம் கற்ற பாடம்?

ஏடுகள் இவ்வளவு சொல்லின. ஆனால் மூன்றாம் பெஞ்சு காலியாகவே இருந்தது.

அந்நாட்களில் கல்லூரியில் படித்த ஓர் ஆங்கிலப் புதினம் நினைவுக்கு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல் எழுதியது. 'இருளின் இடக்கை' என்று தமிழில் சொல்லலாம். பனி மூடிய கெத்தன் என்ற கோள். அங்குள்ள மனிதருக்கு நிலையான பால் கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவர். இன்று தாயானவர் நாளை இன்னொரு குழந்தைக்குத் தந்தையாகலாம். மன்னரே கருவுறலாம்! அந்தக் கோளுக்குத் தூதனாக ஒரு மனிதன் செல்கிறான். பெயர் ஜென்லி ஆய். யாரைப் பார்த்தாலும் ஆணா பெண்ணா என்று அவன் மனம் நிறுத்துப் பார்க்கிறது. தனக்கு உண்மையான துணையாக நின்ற எஸ்ட்ராவனை அவனால் நம்ப முடியவில்லை. முடிவில் இருவரும் உறைபனி மேட்டைக் கடக்கிறார்கள். பல வாரப் பயணம், ஒரே கூடாரம், பங்கிட்ட உணவு. அங்கேதான் தூதன் உணர்கிறான்: எதிரே இருப்பவரைத் தான் இதுவரை பார்க்கவே இல்லை, தன் அச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று.

அந்தக் கோளின் மக்களை எல்லாம் 'அவன்' என்றே எழுதினார் லெ குவின். முதலில் அதற்கு நியாயமும் சொன்னார். பின்னாளில் அந்த நியாயத்தைத் தாமே மறுத்து, தம் கருத்து மாறிவிட்டதென்று எழுதினார். தவறை ஒப்புக்கொள்ளும் நெஞ்சம் பெரிது!

எங்கள் ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர். அங்கே வைனு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று 1977இல் உலகம் கண்டறிந்தபோது, காவலூரும் அன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோடானுகோடிக் கல் தொலைவிலுள்ள வளையத்தை அறிந்த ஊர் இது. அடுத்த தெருப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதை அறிந்தோமா?

வெட்கத்தோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்றேன். ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் சென்றால் அந்த வீட்டில் ஆள் இருக்காது. தாய் விடியுமுன் ஷூ கம்பெனி வண்டிக்கு ஓடுபவர். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த வண்டிகள் விடியலில் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போகும், இருட்டியதும் இறக்கிவிடும். அவர்கள் தைக்கும் ஷூ கடல் கடக்கும்; அவர்கள் காலில் ரப்பர் செருப்பு! தந்தை தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவருடைய விரல்கள் வெந்து வெளுத்திருந்தன.

"வாங்க சார்" என்றார். திண்ணையைத் துடைத்து உட்கார வைத்தார். பிள்ளை எங்கே என்றேன். தலை கவிழ்ந்தார். "என்ன சார் பண்றது? அடிச்சுப் பார்த்தேன். முடியை ஒட்ட வெட்டிப் பார்த்தேன். அடுத்த மாசம் என்கூடத் தொட்டி வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன். நாலு ஆம்பளைங்களோடு நின்னு வேலை செஞ்சா சரியாயிடும் இல்லையா? அதுக்குள்ள வீட்டை விட்டுப் போயிடுச்சு."

அவர் கொடியவர் அல்லர். தோழர்களே, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, பதனிட்டுப் பதனிட்டு, வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருவதே அவர் அறிந்த தொழில். பிள்ளையையும் அப்படியே பதனிட்டு விடலாம் என்று நம்பினார். தோலைப் பதனிட்டால் செருப்பாகும். உயிரைப் பதனிட்டால் என்ன ஆகும்? இதை அவருக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டிய ஆசிரியன் வகுப்பில் சிரித்துக்கொண்டல்லவா இருந்தான்!

தாய் வாசல்வரை வந்தார். கணவர் காதில் விழாமல், "வாணியம்பாடியில் இட்லிக் கடை வச்சிருக்கிற ஒரு அம்மாகிட்ட இருக்குது சார். அவங்க..." என்று நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் சொல் இல்லை. எனக்கு விளங்கிற்று.

அரசு நகரப் பேருந்தில் வாணியம்பாடிக்குச் சென்றேன். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தது; அதே ஆண்டு திருநங்கையருக்கும் அது விரிந்தது. எத்தனையோ முறை அந்தப் பேருந்தில் சென்றவன்தான். ஆனால் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர்களில் ஒருவர் வந்தால் யாரும் உட்காரச் சொல்வதில்லை என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். பயணச்சீட்டில் இடம் கொடுத்துவிட்டது அரசு. இருக்கையில் இடம் கொடுக்கவில்லை நாம்!

இட்லிக் கடையைக் கண்டுபிடித்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது, நெற்றியில் பெரிய பொட்டு, கணீரென்ற குரல். அவர் முன்னே நின்று வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை! ஐயா என்பதா? அம்மா என்பதா? தமிழ் படித்தவன், தமிழ் கற்பிப்பவன், ஒரு விளிச் சொல் கிடைக்காமல் திணறினேன். என் திணறலைப் பார்த்து அவரே சிரித்தார். "அம்மான்னு கூப்பிடு தம்பி. நாக்கு ஒண்ணும் தேஞ்சுடாது."

உட்கார்ந்தேன். நான் படித்த புதினத்தின் கதையை அரைகுறையாகச் சொல்லி, "உங்களைப் போலப் பால் பேதமே இல்லாத ஓர் உலகம் அது" என்றேன். பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "பால் இல்லாதவங்கன்னு உனக்கு யார் சொன்னது? நான் பொம்பளை தம்பி. ஏழு வயசிலேயே எனக்குத் தெரியும். முடிவுக்கு வராம அலையறது நான் இல்லை. என்னைப் பார்க்கிற ஊருதான். எங்கள்ல ஆணாப் பிறந்தவங்கன்னு ஊர் சொன்ன பொண்ணுங்க உண்டு. பொண்ணாப் பிறந்தாங்கன்னு சொன்ன ஆம்பளைங்க உண்டு. அவங்களைத் திருநம்பின்னு சொல்றாங்க. ரெண்டுலயும் சேராம நிற்கிறவங்களும் உண்டு. எல்லாரையும் ஒரே மூட்டையாக் கட்டாதே!"

என் புதினப் பெருமை தரையில் விழுந்தது. வேற்றுக் கோளைத் தேடிச் சென்ற தூதன் நானே. மூட்டை கட்டியவனும் நானே!

அவர் கதையைச் சொன்னார். பள்ளியை விட்டு ஓடியது, பம்பாய் சென்றது, குருவிடம் சேலாவாகச் சேர்ந்தது. பெற்ற வீடு துரத்திய பிள்ளைக்கு ஜமாத் என்ற அமைப்புதான் வீடு. அங்கே குரு தாயாவார், சேலா மகளாவார், பெரியவரைக் கண்டால் 'பாம்படுத்தி' என்று வணங்குவர். சாதி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் கூட்டம் என்று கேள்விப்பட்டு நான் வியந்தேன். அவர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "சாதி எங்கே இல்லை தம்பி? எங்களுக்குள்ளேயும் எட்டிப் பார்க்கும். குரு அடிக்கிறதும் உண்டு, காசு கேட்கிறதும் உண்டு. வேற போக்கிடம் இல்லாததால தாங்கிக்கிட்டோம்." பொய் சொல்லாத வாய் அது.

பம்பாயிலிருந்து திரும்பியவர் இங்கே ஒரு ஷூ கம்பெனிக்கு வேலை கேட்டுச் சென்றிருக்கிறார். தையல் நன்றாகத் தெரியும். தைத்துக் காட்டினார், பாராட்டினார்கள். பிறகு மேற்பார்வையாளர் கேட்டாராம், "உன்னை எந்த வரிசையில் உட்கார வைப்பது? எந்தக் கழிவறைக்கு அனுப்புவது?" அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கும் பொறுப்பு கேட்டவருக்கு அல்லவா? விண்ணப்பித்தவரை வெளியே அனுப்பினார்கள். இரண்டு கைகளுக்கு வேலை இல்லை, ஒரு கழிவறைக் கதவால்!

பேச்சு கூவாகம் பக்கம் சென்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள சிற்றூர். சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவருக்கு மனைவியாகத் திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வர். பாரதப் போருக்குப் பலியான அரவான்தான் கூத்தாண்டவர் என்பது கதை. மறுநாள் தாலியறுப்பு, வளையல் உடைப்பு, வெள்ளைச் சேலை, ஒப்பாரி. எனக்குள் இருந்த பகுத்தறிவாளன் விழித்துக்கொண்டான். "அம்மா, அது கட்டுக்கதை அல்லவா? ஒரு நாள் மனைவியாகி மறுநாள் கைம்பெண்ணாகிற மூடத்தனத்தை நீங்களே விடலாமே?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "கதைன்னு எனக்குத் தெரியாதா? வருசத்துல ஒரு நாள் ஊர் கூடி எனக்குத் தாலி கட்டி, என்னைப் பொம்பளைன்னு ஒத்துக்குது. மறுநாள் நாங்க அழறது அரவானுக்காகவா? எங்களுக்காகத் தம்பி! மூடநம்பிக்கைன்னு சொல்றியே, சரி, விட்டுடறேன். உங்க மேடையில எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கீங்களா?"

தோழர்களே, விடை சொல்லுங்கள்! என்னால் சொல்ல முடியவில்லை.

நம் மேடைகளை எண்ணிப் பார்த்தேன். எதிரியைப் பழிக்க நாம் எடுத்த சொற்கள் என்னென்ன? 'ஆண்மையற்றவர்', 'பேடிகள்', 'அலிகள்'! அஞ்சியவனுக்கு அனுப்ப நாம் தேர்ந்த பரிசுகள் என்னென்ன? வளையலும் சேலையும்! பெண்ணுரிமை பேசிய வாயால், பெண்ணின் உடையை இழிவின் சின்னமாக்கினோம். ஆண்மை என்ற எண்ணம் அழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று பெரியார் எடுத்துரைத்தார். நாமோ ஆண்மையை மேடையில் ஏற்றி மாலை போட்டுவிட்டு, அதே மேடையில் அவருக்கும் மாலை போட்டோம். ஆண்மையைத் துறந்து வந்தவரைக் கண்டு சமூகம் ஏன் இத்தனை ஆத்திரப்படுகிறது? உயர்ந்தது என்று ஊரே மதிக்கும் ஒன்றை, வேண்டாமென்று ஒருவர் கழற்றி வைக்கிறார். அரியணை ஏறியவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் ஏது?

இந்த வெறுப்புக்கு வரலாறு உண்டு. 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாம் அறிவோம். அதன் இன்னொரு பகுதி பலருக்குத் தெரியாது. வடநாட்டில் அவர்களுடைய பெயர்களைக் காவல் பதிவேட்டில் ஏற்றவும், பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினால் பிடியாணை இன்றியே சிறைப்பிடிக்கவும் அந்தப் பகுதி வழி செய்தது. உடையே குற்றம்!

அந்த இருட்டிலிருந்து வெளியேறிய நடையும் வரலாறுதான். 2008 ஏப்ரல் 15இல் இந்தியாவிலேயே முதன்முறையாக அவர்களுக்கென நல வாரியம் கண்டது தமிழ்நாடு. 'அலி' என்ற வசை போய் 'அரவாணி' வந்தது. அதுவும் போய்த் 'திருநங்கை' வந்தது. சொல் மாறினால் வாழ்வு மாறுமா என்று கேட்பவர் உண்டு. 'பறையன்', 'சூத்திரன்' என்ற சொற்களின் வரலாறு அறிந்த நாம் அப்படிக் கேட்க மாட்டோம். 2014இல், அதே ஏப்ரல் 15ஆம் நாள், ஒருவர் தம் பாலைத் தாமே முடிவு செய்யும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. திருமணச் சட்டம் சொல்லும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு இன்னொன்றும் செய்தது. ஆணுறுப்போ பெண்ணுறுப்போ என்று வரையறுக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகளை, அவர்கள் வளர்ந்து வாய் திறந்து சொல்லும் முன்பே அறுவை செய்து 'சரிப்படுத்தும்' வழக்கத்தைத் தடை செய்யச் சொன்னது.

அறிவியலைக் கேட்போமா? மனித உடலே ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளில் முழுதும் அடங்குவதில்லை என்பதற்கு அந்தக் குழந்தைகளே சான்று. இது மனநோய் என்பார்க்கும் விடை வந்துவிட்டது. 2019இல் உலக நலவாழ்வுப் பேரவை ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடு, இதனை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயில்லாதவருக்கு மருந்து எதற்கு? அடி எதற்கு? மந்திரித்த கயிறு எதற்கு?

வாய்ப்புக் கிடைத்த இடத்தில் அவர்கள் என்ன ஆனார்கள்? நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். பிரித்திகா யாஷினி நீதிமன்றப் படியேறி, வழக்காடி, காவல் துறையில் உதவி ஆய்வாளரானார். 'நான், வித்யா' என்று லிவிங் ஸ்மைல் வித்யாவும், 'வெள்ளை மொழி' என்று ரேவதியும் தம் வாழ்வைத் தாமே எழுதினர். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம். அந்த வகுப்பறைகளிலும் யாரோ சிரித்திருப்பார்கள்.

கடையின் உள்ளிருந்து அந்தப் பிள்ளை வெளியே வந்தது. என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. என் மாணவன் என்பதா, மாணவி என்பதா? கேட்டுவிடுவது என்று துணிந்தேன். "உன்னை நான் எப்படி அழைக்க வேண்டும்?"

நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "தெரியலை ஐயா. இன்னும் தெரியலை" என்றது.

எவ்வளவு நேர்மையான விடை! ஐந்து பாலையும் அறிந்ததாக மார்தட்டிய ஆசிரியனுக்குச் சொல்ல வராத விடை அது. அந்த அம்மா குறுக்கிட்டார்: "தெரியும்போது சொல்லட்டும். அவசரம் என்ன? பதினெட்டு வயசு ஆகாத பிள்ளையை நான் சேர்த்துக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எனக்குக் கிடைக்காத படிப்பு இதுக்காவது கிடைக்கட்டும். கூட்டிக்கிட்டுப் போ தம்பி. ஆனா ஒண்ணு, மறுபடியும் இது அழுதுகிட்டு வந்தா, நான் உன் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வருவேன்!"

இந்தக் கட்டுரையில் நான் 'அந்தப் பிள்ளை' என்றே எழுதி வந்ததற்குக் காரணம் இதுதான். 'பிள்ளை வந்தது', 'குழந்தை சிரித்தது' என்று நம் தாய்மார்கள் பேசும் 'அது'வில் இழிவில்லை, அன்பு உண்டு. அதே 'அது' வளர்ந்த மனிதர் மேல் வீசப்படும்போது கல்லாகிறது. ஆங்கிலத்தில் எழுதிய லெ குவின் ஆண், பெண் பேதமில்லாமல் ஒருவரைச் சுட்ட நல்ல சொல் கிடைக்காமல் தவித்தார். தமிழில் அந்தச் சொல் நம் கையிலேயே இருக்கிறது: அவர்! ஆணுக்கும் அவர், பெண்ணுக்கும் அவர், எதுவென்று இன்னும் சொல்லாதவருக்கும் அவர். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு. பால் காட்டாமல் ஒருவரைத் தமிழில் சுட்ட வேண்டுமானால், ஒன்று 'அது' என்று இழிவுபடுத்த வேண்டும். அல்லது 'அவர்' என்று மதிக்க வேண்டும். இடையில் வழி இல்லை. மதிக்கிறாயா, இல்லையா என்று மொழியே நம்மைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறது!

பள்ளிக்குத் திரும்பிய வழியில் பேருந்தில் அந்தப் பிள்ளை ஒன்றைச் சொன்னது. காலையிலிருந்து மாலைவரை பள்ளியில் தண்ணீர் குடிப்பதே இல்லையாம். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும்; அங்கே சிலர் காத்திருப்பார்களாம். மூன்று ஆண்டு பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ஷூ கம்பெனியின் கழிவறைக் கதவைக் குறைகூறினேனே, என் பள்ளியின் கதவு மட்டும் திறந்தா இருந்தது?

தலைமையாசிரியரிடம் பேசினேன். முதலில் தயங்கினார், பிறகு ஆசிரியர் கழிவறையின் சாவி ஒன்றை அந்தப் பிள்ளையிடம் கொடுக்க இசைந்தார். தந்தையிடமும் பேசினேன். தொட்டி வேலைப் பேச்சை நிறுத்தியிருக்கிறார். ஆனால் இன்னும் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவதில்லை. தாய் மட்டும் விடியலில் வண்டிக்குப் போகுமுன் ஒரு தண்ணீர்ப் புட்டியை நிரப்பிப் பையில் வைத்து அனுப்புகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஒரு சாவியும் ஒரு புட்டியும் கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

மறுபடியும் ஒன்பதாம் வகுப்பில் ஐம்பால் பாடம் எழுதினேன். கடைசிப் பெஞ்சு மாணவனை எழுப்பினேன். "அன்று நீ நல்ல கேள்வி கேட்டாய். நான் கெட்ட விடை சொன்னேன். விடை தெரியாததால் சிரித்தேன். அது என் தவறு" என்றேன். வகுப்பு சிரிக்கவில்லை. தொல்காப்பியம் சொன்னதைச் சொன்னேன். நன்னூல் சொன்னதையும், சறுக்கியதையும் சொன்னேன். முடிவில் கரும்பலகையில் எழுதினேன்: 'ஒருவருடைய பால் எதுவென்று அவரே சொல்வார். சொல்லும்வரை, அவர்.'

வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பெயரை அழைத்தேன்.

"உள்ளேன் ஐயா!"

இளைஞர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மூன்றாம் பெஞ்சு இருக்கிறது. அங்கே தாகத்தோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. உங்கள் அடுத்த கூட்டத்துக்கு மேடை போடும்போது ஒரு நாற்காலியைக் கூட்டிப் போடுங்கள். எதிரியைச் சாட எழும்போது, வளையலையும் சேலையையும் விட்டுவிட்டு வாதத்தை எடுங்கள். வாணியம்பாடி இட்லிக் கடையில் கேட்கப்பட்ட கேள்வி இன்னும் விடை இல்லாமல் நிற்கிறது. விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்!